வளைவில் மட்டும் ஏன் இந்த உறுமல்?

(இளம் அறிவியல், இயற்பியல், மூன்றாம் ஆண்டு)

காரைப் பற்றி எழுதப் புகுந்ததும் சொந்தக் கார் வைத்திருப்பவன் போலும் என்று நண்பர்கள் எண்ணிவிட வேண்டாம். கார் என் தாய்மாமனுடையது. அதுவும் அவர் சுகமாகப் போய்வருவதற்கு வாங்கியதன்று. வாடகைக்கு ஓட்டிப் பிழைப்பதற்காக மூன்றாம் கையாக வாங்கிய பழைய டீசல் கார். திருச்சுழிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து கல்யாணத்துக்கு, காதுகுத்துக்கு, கோர்ட்டுக்கு, ஆஸ்பத்திரிக்கு என்று அது ஓடாத நாள் குறைவு. எல்லாவற்றுக்கும் மேலாக, திங்கட்கிழமையும் வியாழக்கிழமையும் எங்கள் தெருப் பெரியவர் ஒருவரை டயாலிசிஸுக்கு மதுரைக்கு அழைத்துச் செல்லவேண்டும். வேறு எந்தச் சவாரியை விட்டாலும் அதை விட முடியாது.

சென்ற ஐப்பசி மழைக்குப் பிறகு அந்தக் கார் உறும ஆரம்பித்தது. நேர்ச் சாலையில் போகும்போது ஒன்றும் தெரியாது. இடப்பக்கம் வளைந்தால் ‘ங்ர்ர்ர்’ என்று ஆட்டுக்கல்லில் காய்ந்த உளுந்தைப் போட்டு ஆட்டியதுபோல ஒரு சத்தம். ஸ்டீரிங்கை நேராக்கினால் அடங்கிவிடும். “எடது பக்கம் திரும்புனாத்தான் கத்துது மாப்ளே. அப்ப எடது வீலுதான?” என்றார் மாமா. டவுனில் அவர் காட்டிய ஒர்க்ஷாப்பிலும் அதையே சொன்னார்கள். இடது முன்சக்கரத்தின் ஆக்சில் முழுவதையும் கழற்றிப் புதிது போட்டார்கள். ஆறாயிரத்துச் சொச்சம் ஆயிற்று. அத்தையின் கம்மல் அடகுக்குப் போனது. சத்தம் மட்டும் போகவில்லை.

இடப்பக்கம் திரும்பினால் சத்தம், ஆகவே கோளாறு இடப்பக்கம். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் விசையும் உந்தமும் படித்த நாம் இந்த இடத்தில் சற்று நின்று யோசிக்கவேண்டும்.

ஒரு கார் வளைவில் திரும்பும்போது இரண்டு காரியங்கள் நடக்கின்றன. முதலாவது, வெளிப்பக்கச் சக்கரம் உட்பக்கச் சக்கரத்தைவிட அதிக தூரம் ஓடுகிறது. இரு சக்கரங்களுக்கும் இடையேயுள்ள அகலம் 1.35 மீட்டர் என்று கொள்வோம். செங்கோணத் திருப்பத்தில் இரண்டும் கால் வட்டம் சுற்றுகின்றன. ஆரங்களின் வேறுபாடாகிய 1.35-ஐ 1.57 ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 2.1 மீட்டர் வருகிறது. வளைவு பெரியதாயினும் சிறியதாயினும் இந்த வேறுபாடு மாறுவதில்லை என்பது கணக்குப் போட்டுப் பார்த்தபோது எனக்கே வியப்பாக இருந்தது. இந்த வேறுபாட்டுக்கு வழிவிடத்தான் இயந்திரம் ஓட்டும் இரு சக்கரங்களுக்கு நடுவே டிபரென்ஷியல் என்னும் பல்சக்கர அமைப்பை வைத்திருக்கிறார்கள்.

இரண்டாவது காரியம் எடை இடம் மாறுவது. பஸ் இடப்பக்கம் திரும்பும்போது நாம் வலப்பக்கம் சாய்கிறோம் அல்லவா? காரும் அப்படியே சாய்கிறது. ஆட்களோடு 1200 கிலோ நிறையுள்ள கார் 30 மீட்டர் ஆரமுள்ள வளைவில் மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 55 சென்டிமீட்டர் உயரம் என்றால், உட்பக்கச் சக்கரங்களிலிருந்து சுமார் 165 கிலோ எடை வெளிப்பக்கச் சக்கரங்களுக்கு மாறிவிடுகிறது. மூன்று பேர் சட்டென்று இடப்பக்கத்திலிருந்து எழுந்து வலப்பக்கம் உட்கார்ந்ததற்குச் சமம். போதாததற்கு, சாலை அந்தச் சக்கரங்களைப் பக்கவாட்டிலும் நெட்டித் தள்ளுகிறது. ஆகவே இடது வளைவில் அதிகம் வருந்துவது வலது சக்கரமே.

காது சொல்வதை நம்பலாமே எனில், அதிலும் ஒரு சிக்கல் உண்டு. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் கார்ச் சக்கரம் நொடிக்குச் சுமார் எட்டுச் சுற்றுச் சுற்றுகிறது. சக்கரத்தைத் தாங்கும் பேரிங்கில் ஒரு சிறு பள்ளம் விழுந்திருந்தால் உள்ளிருக்கும் குண்டுகள் அதில் நொடிக்கு நாற்பது, ஐம்பது தடவை இடறுகின்றன. ஐம்பது அதிர்வுள்ள ஒலியின் அலைநீளம் ஏறக்குறைய ஏழு மீட்டர். நம் இரு காதுகளுக்கும் இடைவெளியோ ஒரு சாண். இவ்வளவு நீண்ட அலை எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காது பிரித்தறிவது கடினம். தகரத் தரையும் கதவுகளும் சேர்ந்து அதிர்வதால் கார் முழுவதுமே உறுமுவதுபோல் இருக்கும். மாமாவைக் குறை சொல்வதற்கில்லை.

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி வரும் சாலையோரம் வேப்பமரத்தடியில் ஒரு பட்டறை இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது. அதை நடத்துபவருக்கு எழுபது வயதுக்கு மேலிருக்கும். எல்லாருக்கும் அவர் அண்ணாச்சி. அவருடைய தகப்பனார் மாட்டுவண்டிக்குச் சக்கரம் கட்டியவராம். ஒரு புதன்கிழமை காலையில் நானும் மாமாவும் காரை அங்கே கொண்டுபோய் நிறுத்தினோம். அண்ணாச்சி காரைத் தொடவே இல்லை. வெற்றிலையை மடித்துக்கொண்டே கேள்விகளாகக் கேட்டார்.

“நின்ன எடத்துல ஸ்டீரிங்கத் திருப்புனா சத்தம் வருதா?”

வரவில்லை என்றார் மாமா. இந்த ஒரே பதிலில் எத்தனை உறுப்புகள் குற்றமற்றவை என்று விடுதலையாகிவிட்டன என்பதைப் பின்னால்தான் உணர்ந்தேன். நின்ற காரில் சக்கரம் சுழல்வதில்லை. ஸ்டீரிங் மட்டுமே திரும்புகிறது. அப்போதும் சத்தம் வந்தால், எண்ணெய் குறைந்த பவர் ஸ்டீரிங் பம்பு, ஷாக் அப்சார்பரின் தலைப்பிலுள்ள பேரிங், தேய்ந்த பால் ஜாயின்ட் ஆகியவற்றைத்தான் தேடவேண்டும். நமக்கு அங்கே வேலையில்லை.

“பிரேக்க மிதிச்சா மாறுதா?”

மாறவில்லை. ஆனாலும் அவர் குனிந்து டிஸ்குக்குப் பின்னாலிருக்கும் மெல்லிய தகரத்தை டார்ச்சு விளக்கால் பார்த்தார். ஜல்லிச் சாலையில் தெறிக்கும் சிறு கல் ஒன்று அந்தத் தகரத்துக்கும் டிஸ்குக்கும் இடையே போய் உட்கார்ந்துகொண்டால் ஊரைக் கூட்டுகிற மாதிரி கத்துமாம். ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் கல் விழும், சத்தமும் போகும், செலவு ஒன்றுமில்லை. “இதுக்குப் போயி பாதி வண்டியக் கழட்டிப் போட்ட ஆளுக இருக்காங்க தம்பி” என்று என்னைப் பார்த்துச் சொன்னார். பிரேக் பேடு தேய்ந்து தகடு டிஸ்கில் உரசினாலும் அரைக்கும் சத்தம் வரும். ஆனால் அது பிரேக்கை மிதிக்கும்போது மாறிவிடும். எங்கள் வண்டியில் கல்லும் இல்லை, பேடும் தேயவில்லை.

“ஆக்சிலேட்டர விட்டுட்டா கொறையுதா?”

இந்தக் கேள்வியை அந்த ஒர்க்ஷாப்பில் கேட்டிருந்தால் கம்மல் பிழைத்திருக்கும். இதைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும்.

பழைய அம்பாசிடர் காரிலும் பிரீமியர் பத்மினியிலும் முன்சக்கரத்துக்குத் திரும்புகிற வேலை மட்டுந்தான். வண்டியைத் தள்ளுவது பின்சக்கரம். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தபின்தான் முன்சக்கரமே இழுக்கிற கார் நம் நாட்டுச் சாலைகளில் பெருகியது. முன்சக்கரம் திரும்பவும் வேண்டும், இயந்திரத்தின் விசையால் சுழலவும் வேண்டும். அதற்கு ஆக்சில் நடுவே மடங்கவேண்டும். சாதாரண மூட்டு ஒன்றைப் போட்டால் என்ன ஆகும்? 30 பாகை மடங்கிய நிலையில், ஆக்சில் ஒரே சீராகச் சுற்றினாலும் சக்கரத்தின் வேகம் ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை பதினைந்து விழுக்காடு கூடிக் குறையும். ஸ்டீரிங் கையில் நிற்காது. இதற்கு மாற்றாக ரெப்பா என்ற பொறியாளர் 1920-களில் ஒரு மூட்டை அமைத்தார். ஒரு கிண்ணத்துக்குள் ஆறு எஃகுக் குண்டுகள், அவை ஓட ஆறு வளைந்த பள்ளங்கள். மூட்டு எவ்வளவு மடங்கினாலும் குண்டுகள் சரிபாதிக் கோணத்தில் நிற்பதால் வேகம் மாறுவதில்லை. 1959-இல் இங்கிலாந்தில் வந்த மினி காரில் இந்த மூட்டு இடம்பெற்றது. மெக்கானிக்குகள் இதைச் சி.வி. ஜாயின்ட் என்கிறார்கள்.

அந்த மூட்டைக் கிரீஸில் முக்கி, மடிப்பு மடிப்பான ரப்பர் உறையால் மூடியிருப்பார்கள். ரப்பர் கிழிந்தால் கிரீஸ் வெளியே தெறிக்கும். நம் கரிசல் புழுதி உள்ளே போகும். எண்ணெயோடு சேர்ந்த புழுதி சாணைக்கல்லுக்கு ஒப்பானது. குண்டும் பள்ளமும் தேய்ந்தபின் ஸ்டீரிங்கை முழுவதும் ஒடித்து வேகம் கொடுத்தால் ‘டக் டக் டக்’ என்று எண்ணி விடலாம்போல் சத்தம் வரும். வேகம் கொடுப்பதை விட்டால் குறையும். ஆக, எண்ணத்தக்க ‘டக் டக்’ என்பது மூட்டின் குரல். தொடர்ச்சியான உறுமல் வேறொன்றின் குரல். எங்கள் வண்டியில் ஆக்சிலேட்டரை விட்டாலும் உறுமல் குறையவில்லை. பழைய ஆக்சிலின் ரப்பரும் கிழியாமல் நன்றாகவே இருந்ததாம். சக்கரத்தின் உட்புறத்தில் கிரீஸ் தெறித்திருக்கிறதா என்று குனிந்து பார்த்திருந்தால் போதும். ரப்பர் கிழிந்ததை டக்டக் சத்தம் வருவதற்கு முன்பே கண்டுவிட்டால், மூட்டைக் கழுவிப் புதுக் கிரீஸும் புது உறையும் போட்டுச் சில நூறு ரூபாயில் தப்பலாம் என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறேன்.

ஜீப், அம்பாசிடர் போன்ற பின்சக்கர வண்டிகளில் திருப்பத்தில் சத்தம் வந்தால் டிபரென்ஷியலையும் சந்தேகிக்கவேண்டும். அதற்குள் இருக்கும் சிறு பல்சக்கரங்கள் நேர்ச் சாலையில் தம் அச்சில் சுழல்வதே இல்லை. வண்டி திரும்பும்போதுதான் விழித்துக்கொள்கின்றன. அவை தேய்ந்திருந்தால் இடம், வலம் இரண்டு திருப்பத்திலும் முனகும். நம் கதைக்கு அது வேண்டாம்.

கடைசிக் கேள்வி, எந்த வேகத்தில் என்பது. முப்பதுக்கு மேல் கேட்கும், வேகம் கூடக் கூட ஓங்கும் என்றார் மாமா. அண்ணாச்சி எழுந்து வந்து காரில் ஏறினார்.

எதிரே வண்டி வராத நேரமாகப் பார்த்து, கண்ணுக்கெட்டிய தூரம் சீமைக்கருவேலம் நிற்கும் நேர்ச் சாலையில் மணிக்கு ஐம்பதில் போகச் சொன்னார். பாம்பு ஊர்வதுபோல மெல்ல இடமும் வலமும் ஒடிக்கச் சொன்னார். இடப்பக்கம் ஒடித்தபோது உறுமியது. வலப்பக்கம் ஒடித்தபோது அடங்கியது. கியரை நியூட்ரலில் போடச் சொன்னார். இயந்திரம் தணிந்தது, உறுமல் அப்படியே இருந்தது. ஆகவே இயந்திரமும் கியரும் இதில் சேர்த்தியில்லை. “வலது முன் வீலு பேரிங்கு” என்றார். இடது சக்கரத்தில் ஆறாயிரம் ரூபாயைக் கொட்டிவிட்டு வந்திருந்த மாமா ஒன்றும் பேசவில்லை.

அண்ணாச்சி இதோடு முடிவு கட்டிவிடவில்லை என்பதைக் குறிப்பிடவேண்டும். அபூர்வமாகச் சில பேரிங்குகள் எடை நீங்கும்போதும் முனகுமாம். எனவே சமதரையில் கைப்பிரேக்கைப் போட்டு, பின்சக்கரத்துக்குக் கல் அண்டை கொடுத்து, ஜாக்கியால் தூக்கி, ஜாக்கியை மட்டும் நம்பாமல் கட்டையும் வைத்தார். வலது சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டினார், நூலளவு ஆடியது. பிறகு என் கையைப் பிடித்து, சக்கரத்துக்கு மேலிருக்கும் சுருள்வில்லின்மேல் விரல் நுனியை வைக்கச் சொல்லி, சக்கரத்தைக் கையாலேயே சுற்றினார். மணலில் சைக்கிள் போவதுபோல நறநறவென்று விரலில் ஏறியது. இடது சக்கரத்தில் அதையே செய்தபோது எண்ணெயில் வழுக்குவதுபோல் இருந்தது. வில் எஃகால் ஆனது. அதிர்வைக் காற்றைவிட நன்றாகக் கடத்தும். காதால் பிரித்தறிய முடியாததை விரல் பிரித்துச் சொல்லிவிட்டது. ஆய்வகத்தில் எத்தனையோ கருவிகளைத் தொட்டிருக்கிறேன். அன்று கண்ட தெளிவு வேறு.

“எங்கய்யா வண்டிக்கு மையிடுறப்பயும் இதே சங்கதிதான்” என்று அண்ணாச்சி ஒரு கதை சொன்னார். மாட்டுவண்டி நேரே போகும்போது சக்கரத்தின் குடம் இருசின்மேல் அமைதியாகச் சுற்றும். திரும்பும்போது குடம் பக்கவாட்டில் நழுவிக் கடையாணியோடு மோதும். மை காய்ந்த வண்டி அப்போதுதான் வீறிடும். விளக்கெண்ணெயில் வைக்கோல் கரியைக் குழைத்த வண்டி மையைக் குடத்தில் மட்டுமின்றிக் கடையாணியின் ஓரத்திலும் தடவுவார்களாம். உப்பு வண்டிக்காரர்கள் மாற்று அச்சு ஒன்றைக் கையோடு கொண்டுபோன செய்தியை அவ்வையார் பாடியிருப்பது (புறநானூறு, 102) அப்போது என் நினைவுக்கு வந்தது. அச்சு பற்றிய கவலை நமக்குப் புதிதன்று.

இதே கவலை அமெரிக்காவில் செயின்ட் லூயி நகரில் குதிரைவண்டி செய்துவந்த ஹென்றி டிம்கன் என்பவரையும் பிடித்தது. அச்சைக் குண்டுகளின்மேல் சுழலவிடும் யோசனைக்கு வேல்ஸ் நாட்டு பிலிப் வாகன் 1794-லேயே உரிமம் பெற்றிருந்தார். ஆனால் பாரமேற்றிய வண்டிகள் குறுகத் திரும்பும்போது ஏற்படும் பக்கவாட்டுத் தள்ளலைத் தாங்குவதுதான் கடினம். டிம்கன் உருளைகளைக் கூம்பு வடிவில் சாய்த்து அமைத்தார்; கீழ்நோக்கிய பாரத்தையும் பக்கவாட்டுத் தள்ளலையும் அவை ஒருசேரத் தாங்கின. 1898-இல் அதற்கு உரிமம் பெற்றார். மோட்டார் காருக்காகச் செய்யப்பட்டதன்று அது. வண்டி திரும்புவதற்காகச் செய்யப்பட்டது. இன்றைய சிறு கார்களின் முன்சக்கரத்தில் இரண்டு வரிசைக் குண்டுகளைச் சாய்கோணத்தில் எதிரெதிராக வைத்து அதே வேலையை வாங்குகிறார்கள்.

நன்றாக ஓடிய பேரிங் ஏன் கெட்டது? மழைக்குப் பிறகுதானே சத்தம் வந்தது என்று அண்ணாச்சி கேட்டார். எங்கள் பக்கம் ஓடைகளில் தரைப்பாலங்களே அதிகம். ஆண்டு முழுவதும் வறண்டு கிடந்துவிட்டு, ஐப்பசியில் இரண்டு மழை பெய்தால் முழங்கால் தண்ணீர் போகும். தூரத்திலிருந்து ஓடிவந்த கார் அதில் இறங்குகிறது. பேரிங் சூடாயிருக்கிறது. குளிர்ந்த நீர் பட்டதும் உள்ளேயிருக்கும் காற்று சுருங்குகிறது. சுருங்கிய இடத்துக்கு ரப்பர் விளிம்பின் வழியே சேற்றுநீரை உறிஞ்சிக்கொள்கிறது. சார்லஸ் விதியை நாம் தேர்வுக்காக மனப்பாடம் செய்தோம். அது தரைப்பாலத்தில் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. நீர் புகுந்த கிரீஸ் வலுவிழக்கும், துருப்பிடிக்கும், குண்டு ஓடும் பாதையில் பள்ளம் விழும். தரைப்பாலத்துக்கு முன்னால் பத்து நிமிடம் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கினால் நல்லது என்றார். மதுரைக்கு நேரமாகிக்கொண்டிருக்கையில் யார் நிறுத்துவார்கள்?

“இதோட நாளைக்கு மதுரை போய்ட்டு வந்துரலாமா அண்ணாச்சி?” என்று மாமா கேட்டார். முடியாது என்று அவர் சொன்ன காரணம் எனக்குப் புதிது. பேரிங் ஆட ஆட அதோடு டிஸ்கும் ஆடும். ஆடுகிற டிஸ்க் பிரேக் பேடுகளைப் பின்னுக்குத் தள்ளிவிடும். அவசரத்துக்கு மிதித்தால் பெடல் ஒருமுறை வெறுமனே கீழே போகும். அதற்கும் மேலே போனால் சூடேறி இறுகலாம், சக்கரமே கழன்றுகொள்ளலாம். மாமா பஸ்ஸேறி அருப்புக்கோட்டைக்குப் போய்ப் புதுப் பேரிங் வாங்கிவந்தார்.

இனித்தான் முக்கியமான வேலை. பழைய பேரிங்கைத் தாங்கும் இரும்பு நக்கிளைத் தனியே கழற்றி எடுத்தாயிற்று. பேரிங்கைப் பிடித்திருக்கும் வளையத்தை இடுக்கியால் எடுத்தாயிற்று. பட்டறைப் பையன் புதுப் பேரிங்கை வைத்துச் சுத்தியலை ஓங்கினான். அண்ணாச்சி பதறிப்போனார். வெளிவளையம் நக்கிளுக்குள் மிக இறுக்கமாகப் போகவேண்டியது. நடுவில், அதாவது உள்வளையத்தில் அடித்தால், அந்த அடி முழுவதும் குண்டுகளின் வழியாகவே வெளிவளையத்துக்குப் போகும். குண்டு பாதையைத் தொடுவதோ ஒரு புள்ளியளவு இடத்தில். விசை சிறியதாயினும் பரப்பு அதனினும் சிறியதாதலால் அழுத்தம் எஃகையே பள்ளமாக்கிவிடும். கண்ணுக்குத் தெரியாத பள்ளம். ஒரே மாதத்தில் உறுமல் திரும்ப வரும். பேரிங் போலி என்று கடைக்காரரைத் திட்டுவார்கள். நக்கிளுக்குள் ஏற்றும்போது வெளிவளையத்தை மட்டும் அழுத்தவேண்டும். பின்பு ஹப்பை ஏற்றும்போது உள்வளையத்துக்கு அடியில் குழாய்த்துண்டு கொடுத்துத் தாங்கவேண்டும். சுத்தியல் கூடவே கூடாது. லேத் பட்டறை ஒன்றில் ஹைட்ராலிக் பிரஸ் இருந்தது. அங்கே கொண்டுபோய் ஏற்றினோம். ஆக்சில் முனையின் பெரிய நட்டைக் கம்பெனி சொன்ன அளவுக்கு முறுக்கி, வண்டியைத் தரையில் இறக்கியபோது இருட்டிவிட்டது. பேரிங், பிரஸ், கூலி எல்லாம் சேர்த்து இரண்டாயிரத்துக்குள் முடிந்தது.

வியாழக்கிழமை விடியற்காலையில் நானும் உடன் போனேன். முதல் இடது வளைவு வந்ததும் மாமா வானொலியை நிறுத்தினார். டயர் தாரில் உரசும் ஓசை தவிர வேறொன்றும் இல்லை. பின்சீட்டில் படுத்திருந்த பெரியவர், “ஏம்ப்பா, ரேடியோ ரிப்பேரா?” என்று கேட்டார்.

பழைய பேரிங்கை அண்ணாச்சி அறுத்துக் கொடுத்தார். வெளிவளையத்தின் பாதையில் மிளகளவு பள்ளம் ஒன்றும் அதையொட்டிச் சிறு சிறு பொரிவுகளும் இருக்கின்றன. நம் துறை ஆய்வகத்தில் சன்னலோர மேசையில் வைத்திருக்கிறேன். கூர்முனை சற்று இருக்கிறது. தொட்டுப் பார்ப்பவர்கள் மெதுவாகத் தொடவும்.